மூன்று காலில் நிற்கும் குதிரை

முந்தின நாள் மாலை சவாரி முடிந்து, கொள்ளும் புல்லும் தின்று, தன்பாட்டுக்குக் கொட்டகையில் நின்ற குதிரை. விடிந்து பார்த்தால் ஒரு முன்னங்காலை ஊன்ற மறுக்கிறது. குளம்பின் நுனி மட்டும் மண்ணில் பட்டும் படாமலும் இருக்கிறது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் மற்ற மூன்று கால்களில் தத்தித் தத்தி வருகிறது. உடம்பு வியர்த்திருக்கிறது. தீவனத் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலைத் தடவிப் பார்த்தால் காயம் கிடையாது, ரத்தம் கிடையாது. குதிரைக்காரர் மருத்துவருக்குப் போன் போட்டதும் பதற்றத்தோடு சொல்வது, "கால் முறிஞ்சுபோச்சு சார்" என்பதுதான்.

முறிந்திருப்பது அபூர்வம். ஒரே இரவில், ஒரே காலில் வந்து சேரும் கடும் நொண்டலுக்கு மிகச் சாதாரணமான காரணம், குளம்புக்குள் கட்டிய சீழ். ஒரு தேக்கரண்டி அளவுகூட இருக்க வேண்டியதில்லை. சில துளிகள் போதும், 450 கிலோ எடையுள்ள விலங்கை மூன்று காலில் நிறுத்திவிடும். அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கம் நொண்டலை 0 முதல் 5 வரை அளக்கிறது. 0 என்றால் நொண்டலே இல்லை, 5 என்றால் காலில் எடையே போடாத நிலை. இந்த எண்ணை வைத்து ஆபத்தையும் அளக்கப் போனால் ஏமாந்துபோவோம். 5-ல் நிற்கும் சீழ்க்கட்டிக் குதிரை, சீழ் வெளியேறிய சில மணி நேரத்திலேயே காலை ஊன்றத் தொடங்கிவிடலாம். குளம்பின் நடுவில் துருப்பிடித்த ஆணி ஏறி, 2-லோ 3-லோ லேசாக நொண்டும் குதிரை சில நாட்களில் கைமீறிப் போய்விடலாம். வலி ஒரு பக்கம், ஆபத்து ஒரு பக்கம். இந்த முரண்பாட்டுக்கு விடை குளம்பின் அமைப்பில் இருக்கிறது.

குதிரை நிற்பது விரல் நுனியில். காலுக்கு ஒரே ஒரு விரல். நம் கணக்கில் அது நடுவிரல். ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, நாய் அளவே இருந்த அதன் மூதாதைக்கு முன்னங்காலில் நான்கு விரல்களும் பின்னங்காலில் மூன்றும் இருந்தன. புல்வெளியில் ஓடிப் பிழைக்கும் வாழ்க்கைக்கு மாற மாறப் பக்கத்து விரல்கள் குறுகி ஒழிந்தன. மிஞ்சிய ஒற்றை விரலின் நகம் விரல் நுனியைச் சுற்றி மூடிக் குளம்பானது. உடல் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள் இரண்டும் சுமக்கின்றன. நாலுகால் பாய்ச்சலில் ஒரு முன்னங்குளம்பு மட்டும் தரையை அழுத்தும் கணத்தில், அதன் மேல் இறங்கும் விசை உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு.

குளம்பின் வெளிச்சுவர், நம் நகத்தைப் போலவே, கெரட்டின் என்ற புரதம். உயிரற்றது, நரம்பற்றது. அதனால்தான் லாடக்காரர் அதில் ஆணி அடிக்கும்போது குதிரை சும்மா நிற்கிறது. அந்தச் சுவருக்கு உள்ளே ரத்தக் குழாய்களும் நரம்புகளும் அடர்ந்த உயிருள்ள அடுக்கு ஒன்று. அதற்கும் உள்ளே குளம்பெலும்பு. இந்த எலும்பு குளம்பின் அடித்தகட்டின் மேல் உட்கார்ந்திருப்பதாகத்தான் பார்த்தவுடன் தோன்றும். உண்மையில் அது சுவரின் உட்பக்கத்திலிருந்து தொங்குகிறது. சுவரின் உட்புறம் முழுக்க 550 முதல் 600 வரையிலான மெல்லிய ஏடுகள். ஒவ்வோர் ஏட்டிலும் நூற்றுக்கு மேற்பட்ட நுண்ணிய கிளை ஏடுகள். எலும்பைப் போர்த்திய உயிரடுக்கிலும் அதே கணக்கில் ஏடுகள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு பிடித்திருக்கின்றன. அந்தப் பிடிமானப் பரப்பை மட்டும் விரித்துப் பார்த்தால் ஒரு சதுர மீட்டரை நெருங்கும். உள்ளங்கை அகலக் குளம்புக்குள் அவ்வளவு பரப்பை மடித்து வைத்திருக்கிறது இயற்கை.

வெளியே விரியாத கெரட்டின், உள்ளே நகராத எலும்பு, இடையில் சில மில்லிமீட்டர் உயிர்ச்சதை. உடம்பில் வேறெங்கே கிருமி புகுந்தாலும் அந்த இடம் வீங்கும். வீக்கம் என்பது ஒருவகையில் பாதுகாப்பு; நீர் சேரச் சேரத் தோல் இடம் விட்டுக்கொடுக்கிறது. குளம்பில் அந்த வசதி இல்லை. சேரும் ஒவ்வொரு துளியும் அழுத்தமாக மாறி நரம்பின் மேல் விழுகிறது. நகச்சுத்து வந்து, எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொண்டு, இரவெல்லாம் விண் விண் என்று தெறிக்கும் விரலோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது புரியும். அந்த விரலையே தரையில் ஊன்றி, உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கை அதன்மேல் வைக்கச் சொன்னால் எப்படி இருக்குமோ, அதுதான் குதிரையின் நிலை.

கிருமி எந்த வழியாக உள்ளே போகிறது? பெரும்பாலும் வெள்ளைக் கோடு வழியாக. குளம்பைத் தூக்கிப் பிடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தால், வெளிச்சுவரும் அடித்தகடும் சேரும் இடத்தில், ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய வளைவு ஓடும். பெயர்தான் வெள்ளைக் கோடு, நிறம் மஞ்சள். இரண்டு கடினமான பொருள்களை ஒட்டிவைத்திருக்கும் மென்மையான இணைப்பு அது. மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடியும் ஊறும்போது முதலில் இளகுவதும் பிளவு விடுவதும் இங்கேதான். குளம்பின் ஈரம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சுவரில் ஏறத்தாழ கால் பங்கு, அடித்தகட்டில் மூன்றில் ஒரு பங்கு, அடிப்பக்கம் நடுவில் இருக்கும் முக்கோண மெத்தையில் ஏறத்தாழப் பாதி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஊறிக் காய்கிறது. சந்திக்கும் இடத்தில் இழுபறி. அந்தப் பிளவில் ஒரு மணல் துகள் ஏறும். அடுத்த அடியில் 100 கிலோவுக்கு மேற்பட்ட எடை அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளும். கூடவே சாணத்திலும் மண்ணிலும் இருக்கும் பாக்டீரியாவும் போகும்.

கெரட்டினில் ரத்தம் ஓடாததால் நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. கிருமிகள் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், யாரும் தடுக்காமல் கெரட்டினைத் தின்றுகொண்டே மேலேறும். குதிரைக்கு ஒன்றும் தெரியாது. உயிரடுக்கைத் தொட்ட பிறகுதான் உடம்பு விழித்துக்கொண்டு வெள்ளணுக்களை அனுப்புகிறது, சீழ் கட்டுகிறது. ஆக, ஒரே இரவில் வந்ததுபோலத் தோன்றும் நொண்டலின் ஆரம்பம் பல நாள் பழையது. காற்றில்லாத இடத்தில் கெரட்டினையும் கரைத்துக்கொண்டு உருவாவதால், இந்தச் சீழ் பெரும்பாலும் சாம்பல் நிறத்திலோ கறுப்பாகவோ, தண்ணீர்போல் இருக்கும். நாற்றம் மூக்கைத் துளைக்கும். ஒரு தடவை முகர்ந்தவர் மறக்க மாட்டார்.

நீண்ட கோடையின் முடிவில் முதல் மழை பெய்ததும் இந்தத் தொல்லை கூடுவதற்குக் காரணம் இந்த ஊறலும் காய்தலும்தான். இங்கிலாந்தில் சேறு மண்டிய குளிர்காலத்தில் குதிரை மருத்துவர்கள் இதற்காகவே அலைவார்கள். மெரினாவில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அலை நனைத்த மணலில் நடந்துவிட்டுக் காய்ந்த மணலுக்கு ஏறும் குதிரைக்கும், கொடைக்கானல் ஏரிச் சாலையில் மழையில் நின்று தாரில் நடக்கும் மட்டக் குதிரைக்கும் விதி வேறல்ல. மூத்திரம் தேங்கும் கொட்டகை இன்னொரு காரணம். அதிலிருந்து கிளம்பும் அமோனியா குளம்பை அரித்து இளக்கும். நேரத்துக்குச் செதுக்காமல் விட்டு, முன்பக்கம் நீண்டுபோன குளம்பும் ஆபத்து. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் அந்த நீண்ட முனை நெம்புகோலாகி வெள்ளைக் கோட்டைப் பிளந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு வழி, ஆணி. லாட ஆணி வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, உயிரற்ற சுவருக்குள் மட்டும் ஏறி, பக்கவாட்டில் வெளியே வர வேண்டும். மெல்லிய சுவருள்ள குளம்பில் அந்த இடம் சில மில்லிமீட்டர்தான். கோணம் கொஞ்சம் தப்பி உயிரடுக்கில் நேராகக் குத்திவிட்டால் குதிரை அப்போதே காலை உதறும்; ரத்தமும் வரலாம். ஆணியைப் பிடுங்கி மருந்து போட்டுவிடலாம். குத்தாமல், உயிரடுக்கை ஒட்டி நெருக்கிக்கொண்டு போகும் ஆணிதான் கள்ளத்தனமானது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள், சில சமயம் ஒரு வாரம் கழித்து நொண்டல் தொடங்கும். லாடக்காரருக்கும் குதிரைக்காரருக்கும் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. "அன்னிக்கு நல்லாத்தானே நடந்துச்சு" என்பார் ஒருவர், "அப்படின்னா என் ஆணிமேல எப்படிப் பழி போடுறே" என்பார் மற்றவர். லாடம் அடித்த ஒரு வாரத்துக்குள் நொண்டினால் முதலில் ஒவ்வோர் ஆணியையும் சந்தேகப்படுவதுதான் முறை. அதற்காக லாடக்காரரைத் திட்ட வேண்டியதில்லை. அசையும் விலங்கின் காலைத் தொடையிடுக்கில் பிடித்துக்கொண்டு, கண்ணால் பார்க்க முடியாத எல்லைக்கு அருகில் அடிக்கும் வேலை அது.

மருத்துவர் வந்ததும் முதலில் தொடுவது குளம்பையல்ல, கணுவை. கணு மூட்டின் பின்பக்கம், இரண்டு ஓரங்களிலும், தோலுக்கு அடியில் குளம்புக்குப் போகும் தமனி ஓடுகிறது. நல்ல குதிரையில் ஓய்வு நேரத்தில் அந்த நாடியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குளம்புக்குள் அழற்சி இருந்தால் விரல் வைத்த மாத்திரத்தில் குதித்துக்கொண்டு நிற்கும். அடுத்து, இரு குளம்புகளிலும் உள்ளங்கையை வைத்துச் சூட்டை ஒப்பிடுவார். ஒன்று மட்டும் சூடாக இருக்கும். உடல் வெப்பம் மாறாமல் 37.5-க்கும் 38.5 டிகிரி செல்சியஸுக்கும் இடையிலேயே இருக்கலாம். குளம்புச் சீழுக்குக் காய்ச்சல் வருவது கட்டாயமில்லை. நாடித் துடிப்பு மட்டும் வலியால் கூடியிருக்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டியது 60-ஐத் தொடலாம்.

பிறகு குறடு. நீண்ட கைப்பிடிகளோடு, பெரிய இடுக்கி மாதிரி இருக்கும் இதன் ஒரு முனை வெளிச்சுவரிலும் மறுமுனை அடித்தகட்டிலும் படும்படி வைத்து, ஓரத்திலிருந்து ஒவ்வோர் அங்குலமாக அழுத்திக்கொண்டு போவார். நல்ல இடத்தில் குதிரை கண்டுகொள்ளாது. சீழ் இருக்கும் இடத்துக்கு மேல் வந்ததும் காலை வெடுக்கென்று இழுக்கும். அனுபவமுள்ளவர் ஒரு தடவை இழுத்ததை நம்புவதில்லை. தாண்டிப் போய், சுற்றி வந்து, அதே இடத்தில் மறுபடி அழுத்திப் பார்ப்பார். அதே இடத்தில் மறுபடியும் இழுத்தால்தான் கணக்கு. பயந்த குதிரை எங்கே தொட்டாலும் இழுக்கும்; தடித்த குளம்புள்ள குதிரை எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. எக்ஸ்ரே எடுத்தால் சீழோடு சேர்ந்த வாயு சில சமயம் கறுப்புக் கீற்றாகத் தெரியும். அதைவிட முக்கியமாக, எலும்பு முறிவு இல்லை என்று உறுதிப்படும். குளம்பெலும்பே முறிந்தாலும் இதே நொண்டல், இதே சூடு, இதே நாடிதான் இருக்கும்.

இடம் தெரிந்தபின் கத்தி. குளம்புக் கத்தியின் முனை கொக்கிபோல் வளைந்திருக்கும். அடித்தகட்டின் அழுக்கையும் உலர்ந்த மேற்படலத்தையும் சீவி எடுத்ததும் வெள்ளைக் கோட்டில் நாலைந்து கறுப்புப் புள்ளிகள் தெரியும். பெரும்பாலானவை வெறும் அழுக்கு. ஒரு சீவலில் காணாமல் போகும். ஒன்று மட்டும் போகாது. சீவச் சீவ உள்ளே இறங்கிக்கொண்டே போகும், மெல்லிய பென்சில் கோடுபோல. மருத்துவர் அந்தக் கோட்டை மட்டும் தொடர்கிறார். அக்கம்பக்கத்தைத் தொடுவதில்லை. சில மில்லிமீட்டர் ஆழத்தில் கெரட்டின் ஈரமாகி, இளகி, கத்திக்கு இணங்குகிறது. அடுத்த சீவலில் சாம்பல் நிறத் திரவம் ஒன்று பொங்கி வருகிறது. அழுத்தம் அதிகம் என்றால் மருத்துவரின் சட்டைவரை பீய்ச்சும். குதிரை சட்டென்று கழுத்தைத் தாழ்த்தும். கால் பிடியில் இருந்த இறுக்கம் தளர்வதைப் பிடித்திருப்பவர் கையால் உணரலாம்.

திறப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்தான் கைப்பக்குவம் தெரியும். சீழ் தானாக இறங்கப் போதுமான அளவு, அவ்வளவுதான். சுண்டுவிரல் நுழையும் அளவுகூட வேண்டாம். "நல்லா தோண்டி சுத்தமா எடுத்துடுங்க சார்" என்று குதிரைக்காரர் கெஞ்சுவார். கேட்டுப் பெரிதாக வெட்டினால், உள்ளே இருக்கும் உயிரடுக்கு அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கி வெளியே வரும். சீழ் இரண்டு நாளில் போயிருக்கும்; பிதுங்கிய சதை ஆற வாரக்கணக்காகும். ரத்தம் கண்டால் நிறுத்த வேண்டும். தேடியும் தடம் அகப்படவில்லை என்றாலும் நிறுத்த வேண்டும். பற்றுப் போட்டுக் கட்டிவிட்டு மறுநாள் பார்ப்பதை அரைகுறை வேலை என்று நினைக்கக் கூடாது. கெரட்டின் இளகினால் நேற்றுத் தெரியாத தடம் இன்று தெரியும். அனுபவம் குறைந்தவர்கள் தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் குளம்பைக் குழிபறித்துவிட்டுப் போகும் கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

திறந்தபின் செய்ய வேண்டியது பெரிய வைத்தியமல்ல. வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்பைக் கரைத்து, அதில் குளம்பை 15, 20 நிமிடம் நிறுத்துவார்கள். அல்லது ஈரப் பற்றுப் போட்டுக் கட்டுவார்கள். கட்டுக்கு உலகெங்கும் கையாளப்படும் பொருள், குழந்தைகளின் டயப்பர். குளம்பின் வடிவத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். கசியும் சீழை உறிஞ்சும். அதன்மேல் தடித்த ஒட்டும் நாடாவைச் சுற்றிவிட்டால் சேறு உள்ளே போகாது. நாடா மேல்வளையத்தை, அதாவது முடியும் குளம்பும் சேரும் இடத்தை, இறுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாளுக்குமேல் ஊறவைப்பதும் தப்பு. ஊறிய குளம்பு அடுத்த கிருமிக்குக் கதவு திறக்கும். ஈரக் கட்டு நின்றதும் உலர்ந்த கட்டுக்கு மாறி, ஓட்டையில் போவிடோன் அயோடின் நனைத்த பஞ்சை அடைத்து, கெரட்டின் மூடும்வரை சுத்தமாக வைத்திருந்தால் போதும். சாதாரணக் கேஸ் ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

ஆன்டிபயாடிக் கேட்காதவர் இல்லை. வடிந்துவிட்ட எளிய சீழ்க்கட்டிக்குப் பெரும்பாலும் அது வேண்டியதில்லை. மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போகும். சீழ் தேங்கிய குழியில் ரத்த ஓட்டம் கிடையாது. வடியும் வழியைத் திறந்த பிறகு உடம்பே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். குதிரையின் பெருங்குடலோ கோடானுகோடி நுண்ணுயிர்களை நம்பி நார்ச்சத்தைச் செரிக்கிறது. ஆன்டிபயாடிக் அதைக் கலைத்துப் போட்டால் உயிருக்கே ஆபத்தான பேதி வரலாம். எலும்புக்கோ மூட்டுக்கோ கிருமி பரவியிருந்தால் கதை வேறு. வலி மருந்தில் நேர்மாறான மூடநம்பிக்கை ஒன்று உண்டு. ஃபினைல்பியூட்டசோன் போன்ற மருந்து கொடுத்தால் கட்டி பழுக்காமல் தள்ளிப்போகும் என்று பழைய ஆட்கள் தடுப்பார்கள். வலியில் மூன்று காலில் நிற்கும் விலங்குக்கு மருந்தை மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று காலில் நிற்பதற்கும் ஒரு விலை உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

யாரும் திறக்காமல் விட்டால் சீழ் என்ன செய்யும்? கீழே கெட்டியான அடித்தகடு. எனவே எதிர்ப்புக் குறைந்த பாதையில், சுவருக்கும் உயிரடுக்குக்கும் நடுவே மேல்நோக்கி ஏறி, மேல்வளையத்திலோ குதிகால் பக்கமோ உடைத்துக்கொண்டு வரும். இதற்குச் சில நாளிலிருந்து இரண்டு வாரம்வரை ஆகலாம். குதிரை அதுவரை நரகவேதனைப்படும். உடைந்த அன்றைக்கே நடக்கும். மேற்கத்தியக் கிராமங்களில், கூழாங்கல் ஒன்று அடியில் ஏறி, குளம்பு முழுவதையும் கடந்து மேலே வெளியேறுகிறது என்று நம்பினார்கள். கல் பயணம் செய்வதில்லை, சீழ்தான் ஏறுகிறது. ஆனாலும் தடம் கீழே தொடங்கி மேலே முடிகிறது என்பதை அவர்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு தடுப்பூசியை மட்டும் யாரும் மறக்கக் கூடாது: டெட்டனஸ். அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் குதிரைச் சாணத்திலுமே கிடக்கின்றன. காற்றில்லாத குறுகிய குழிதான் அது முளைக்க விரும்பும் இடம். வீட்டு விலங்குகளில் குதிரையைப்போல் டெட்டனஸுக்கு எளிதில் பலியாவது வேறில்லை. உடம்பு விறைத்து, வால் தூக்கி, மூன்றாவது இமை கண்ணின் குறுக்கே பளிச்சென்று ஓடினால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். இதில் மனிதர்களுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. 1901-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிரான மருந்தை ஜிம் என்ற குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பால் வண்டி இழுத்து ஓய்ந்த குதிரை. அதற்கு டெட்டனஸ் வந்தது தெரிந்து கொன்றுவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே எடுத்த மருந்து புழக்கத்துக்குப் போயிருந்தது. 13 குழந்தைகள் இறந்தன. தடுப்பு மருந்துகளை அரசு சோதித்து உரிமம் தர வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அடுத்த ஆண்டே, 1902-ல் வந்தது.

இனி, வலி குறைவாகவும் ஆபத்து அதிகமாகவும் இருக்கும் பக்கம். குளம்பின் அடியில் நடுப்பகுதியிலோ, முக்கோண மெத்தையிலோ அதன் ஓரப் பள்ளத்திலோ ஆணி ஏறினால், அது போகும் திசையில் இருப்பவை: விரலை மடக்கும் தசைநாண், அதன் பின்னால் படகெலும்பு, இரண்டுக்கும் இடையில் ஒரு நீர்ப்பை, அதற்கும் அப்பால் குளம்பு மூட்டு. தொடக்கத்தில் லேசாகத்தான் நொண்டும். கிருமி அந்த நீர்ப்பைக்குள் போய்விட்டால் குளம்பைச் சீவி வடிப்பது உதவாது. அறுவை சிகிச்சை செய்து கழுவ வேண்டும். அதுவும் உடனடியாக, நாள் கடத்தாமல். ஆணியைக் கண்டதும் பிடுங்கத்தான் கை போகும். மருத்துவர் சீக்கிரம் வர முடியுமானால் பிடுங்காமல் விடுவதே நல்லது. ஆணி மேலும் ஏறாதபடி சுற்றிலும் மெத்தை கட்டி, குதிரையை நடக்கவிடாமல் நிறுத்தினால், எக்ஸ்ரேயில் ஆணி எவ்வளவு ஆழம், எதைத் தொடுகிறது என்று துல்லியமாகத் தெரியும். பிடுங்கிவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும். உள்ளே என்ன பட்டது என்று ஊகிக்கத்தான் முடியும். பிடுங்கியே ஆக வேண்டும் என்றால், முதலில் போனில் படம் எடுத்து, இடத்தில் அடையாளம் வைத்து, எத்தனை அங்குலம் ஏறியிருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று குறித்துவைக்க வேண்டும்.

இரண்டு முன்னங்காலிலும் ஒரே நேரத்தில் நொண்டல், எடையைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்து நிற்பது, இரு குளம்பும் சூடு என்றால் அது வேறு நோய்: லாமினைடிஸ். முன்பு சொன்ன அந்த ஏடுகளின் பிடிமானமே கழன்றுபோவது. சீழ்க்கட்டிக்கும் இதற்கும் ஒரு கொடிய தொடர்பு உண்டு. நாள்கணக்கில் ஒரு காலை ஊன்றாத குதிரையின் முழுச் சுமையும் எதிர்க்காலுக்குப் போகிறது. குதிரைக் குளம்பில் ரத்தம் ஓட அடியெடுத்து வைப்பதும் எடையை மாற்றி மாற்றிப் போடுவதும் அவசியம். அசையாமல் அழுத்தியே நிற்கும் குளம்பில் ஏடுகள் ரத்தமின்றிச் சாகத் தொடங்கும். நோய் ஒரு காலில், மரணம் மறுகாலில். 2006-ல் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரை, இரண்டு வாரம் கழித்து ப்ரீக்னெஸ் பந்தயத்தில் வலப் பின்னங்காலை முறித்துக்கொண்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்ட்டன் மையத்தில் அறுவை மருத்துவர் டீன் ரிச்சர்ட்சன் தகடும் திருகுகளும் வைத்து அந்த எலும்பைச் சேர்த்தார். முறிந்த எலும்பு கூடிவந்தது. ஆனால் எடை தாங்கிய இடப் பின்னங்காலில் லாமினைடிஸ் வந்தது. பிறகு வலக் குளம்பில் சீழ்க்கட்டியும் சேர்ந்துகொண்டது. நிற்க ஒரு நல்ல கால் மிஞ்சவில்லை. 2007 ஜனவரி 29 அன்று அதற்கு நிரந்தர ஓய்வு கொடுத்தார்கள். வலி மருந்தை மறுக்கக் கூடாது என்று நான் மேலே சொன்னது இதனால்தான்.

அதே இடத்தில் திரும்பத் திரும்பச் சீழ் கட்டும் குதிரையை வெறும் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடக் கூடாது. குளம்பு வளர்க்கும் செல்களில் கெரட்டோமா என்ற கட்டி இருக்கலாம். புற்றுநோயல்ல, ஆனால் ஏடுகளைத் தள்ளிப் பிளவு உண்டாக்கும். எலும்பின் ஒரு துண்டு செத்துக் கிடக்கலாம். வயதான குதிரையில் பிட்யூட்டரிச் சுரப்பி கோளாறால் நோய் எதிர்ப்பு குறைந்து, குளம்பும் பலவீனப்பட்டிருக்கலாம். மூன்றாவது தடவை குறடை எடுக்கும்போது எக்ஸ்ரேயும் எடுத்துவிட வேண்டும்.

ஈரத்தால் குளம்பு கெடும் என்பது பழைய அறிவு. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தளபதி செனஃபன் குதிரைப் பராமரிப்பு பற்றி எழுதியபோது, ஈரமும் வழுக்கலுமான லாயத் தரை நல்ல குளம்பையும் கெடுக்கும் என்று சொல்லி, முற்றத்தில் நாலைந்து வண்டி உருண்டைக் கற்களைக் கொட்டி அதன்மேல் குதிரையை நிறுத்தச் சொன்னார். நம் பக்கத்தில் நிலைமை வேறாக இருந்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே கப்பலில் வந்திறங்கும் அரபுக் குதிரைகளில் ஆண்டு முடிவில் மிகச் சிலவே பிழைக்கின்றன என்று எழுதிவைத்தார். அவர் சொன்ன காரணம், குதிரையைப் பேணத் தெரிந்த லாடக்காரர்கள் இந்நாட்டில் இல்லை என்பது. குதிரை விற்ற வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆட்களை இங்கே வரவிடாமல் தடுத்தார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை. வெளியூர்ப் பயணியின் மிகைப்படுத்தலைக் கழித்துப் பார்த்தாலும், குளம்பைத் தூக்கிப் பார்க்கும் கைதான் குதிரையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது வியாபாரிக்குத் தெரிந்திருந்தது.

இன்று அந்தக் கை ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும்: நீண்ட முனையைச் செதுக்கி, வெள்ளைக் கோட்டில் கறுப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு லாடத்தை மாற்றும். கடைகளில் விற்கும் குளம்பு எண்ணெய்களின்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை; பளபளப்பு வரும், பிளவு மூடாது. மூத்திரம் தேங்காத தரைக்கும் தினமும் குளம்பைச் சுரண்டிக் கல்லெடுப்பதற்கும் அதில் பாதிக் காசுகூட ஆகாது.

மேல்வளையத்தில் உடைத்துக்கொண்டு வந்த சீழ் மட்டும் நீண்ட நாள் தன் கணக்கை முடிக்காது. உடைந்த இடத்தில் சுவர் வளர்வது சிறிது காலம் தடைப்பட்டு, படுக்கைவாக்கில் ஒரு வெடிப்பு விழும். குளம்பு மாதத்துக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. வெடிப்பும் அதே வேகத்தில் கீழிறங்கும். குதிகால் பக்கம் என்றால் நாலைந்து மாதத்தில் தரையைத் தொடும்; முன்முனை என்றால் 9 மாதத்திலிருந்து ஓராண்டு. குதிரை நொண்டியது எப்போது என்று யாரும் சொல்லாமலே, மேல்வளையத்திலிருந்து வெடிப்புவரை அளந்து லாடக்காரர் மாதத்தைச் சொல்லிவிடுவார். அது தரைக்கு நெருங்கும் மாதங்களில் அந்தப் பக்கத்தில் ஆணி அடிக்காமல், மற்ற ஆணிகளை நம்பி லாடத்தை நிறுத்துவார். பலவீனமான அந்தத் துண்டு பெயர்ந்து விழுந்தாலும் குதிரை நொண்டாது.